சரிவிறங்கும் பார லாரிகளும் எக்ஸாஸ்ட் பிரேக்கும்

முன்னுரை

ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றியுள்ள கிராமங்கள் ஏரிப்பாசனத்தை நம்பி நெல் பயிரிட்டுவந்த கிராமங்களாகும். 1998-ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலையும், 2012-இல் அவ்விடத்திலேயே பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இவற்றைச் சூழ்ந்து உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் பல எழுந்தன. இதன் பயனாக, நிலச்சுவான்தார்களில் சிலர் சாகுபடியோடு லாரித் தொழிலையும் மேற்கொண்டுள்ளனர். நிலத்துக்குக் கிடைத்த நஷ்டஈட்டுத் தொகையை லாரியில் போட்டவர்களும், எஞ்சிய நிலத்தை ஈடுகாட்டிக் கடன் பெற்று லாரி வாங்கியவர்களும் இவர்களுள் அடங்குவர். ஆகவே, லாரி ஒன்று சரிவில் கட்டுக்கடங்காமல் ஓடிவிடுமாயின், ஓட்டுபவனுடைய உயிரும், எதிரில் வருவோருடைய உயிரும், ஒரு குடும்பத்தின் பூஸ்திதியும் ஒருங்கே அபாயத்துக்குள்ளாகின்றன.

இப்பகுதி பெரும்பாலும் சமதரையாதலால், லாரி வாங்குவோர் எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று விசாரிக்கிறார்களேயன்றி, எவ்வளவு தாங்கும் என்று விசாரிப்பதில்லை. ஆனால் லாரிகள் சமதரையில் மட்டும் ஓடுவனவல்ல. பெங்களூரிலிருந்து திரும்பும் வண்டி, ஓசூர் மேட்டுநிலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சில நூறு மீட்டர் இறங்கவேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் வண்டி தொப்பூர்க் கணவாயைக் கடக்கவேண்டும். சத்தியமங்கலத்துக்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் இடையே திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. தொப்பூர்ச் சரிவில் 2020 டிசம்பரில் சிமெண்டு ஏற்றிவந்த லாரியொன்று கட்டுமீறி, வரிசையாக நின்ற பல வாகனங்களின்மேல் மோதியதில் நால்வர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துக்களுக்குரிய காரணத்தையும், அதைத் தடுக்க உதவும் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் விதத்தையும் இங்கு விளக்குவோம்.

கால் பிரேக் ஏன் தவறுகிறது?

கட்டைவண்டியை மேட்டில் ஏற்றும்பொழுது மாடுகள் இழுக்கின்றன. பள்ளத்தில் இறக்கும்பொழுது அதே மாடுகள் நுகத்தைப் பின்னுக்குத் தாங்கி வண்டியைக் கட்டுப்படுத்துகின்றன. சக்கரத்தின்மேல் மரக்கட்டையை அழுத்துவது மாடுகளுக்கு உதவியாகவேயன்றி, அவற்றுக்குப் பதிலாக அன்று. மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கட்டையை மட்டும் நம்பிப் பாரவண்டியைச் சரிவில் விடுகிற குடியானவன் எவனும் இல்லை. லாரியை நியூட்ரலில் போட்டுச் சரிவில் விடுவது மாடுகளை அவிழ்த்துவிட்டதற்கு ஒப்பாகும்.

கணக்கொன்றைக் கவனிக்கலாம். பாரத்துடன் 28 டன் எடையுள்ள பத்துச் சக்கர லாரி, இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் 5 கிலோமீட்டர் இறங்குகிறதென்று கொள்வோம். அது 250 மீட்டர் கீழே வருகிறது. அவ்வாறு இறங்கும் பாரத்தின் சக்தி முழுவதும் எங்கேனும் உஷ்ணமாக மாறியே தீரும். டயர்களின் உராய்வால் கழிவதை நீக்கியபின்பும், மிகுந்து நிற்கும் உஷ்ணம் 200 லிட்டர் பீப்பாய் ஒன்று நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கால் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே இறங்கினால், இவ்வுஷ்ணம் அனைத்தும் ஆறு டிரம்களிலும் அவற்றுள் உராயும் லைனர்களிலும் சேருகிறது. மிகச் சூடேறிய லைனர் பிடிப்பை இழக்கிறது. டிரம்மோ சூட்டினால் விரிந்து லைனரைவிட்டு விலகுகிறது. ஓட்டுபவன் எவ்வளவு அழுத்தினும் வண்டி நிற்பதில்லை. சில சமயங்களில் டயரும் தீப்பற்றுகிறது. பிரேக் கெட்டுவிட்டதாகப் பிறர் கூறுவர். உண்மையில் பிரேக் பழுதுபடவில்லை, தன்னால் தாங்கமுடியாத வேலையை ஏற்றுக் களைத்துப்போயிற்று. சூடு தணிந்தபின் சோதித்தால் அதே பிரேக் நன்றாகப் பிடிப்பதைக் காணலாம்.

எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யும் விதம்

பெட்ரோல் எஞ்சினில் காற்றுவரும் வழியை அடைக்கும் தகடு உண்டு. ஆகையால் ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் அது வண்டியை ஓரளவு பிடித்து நிறுத்தும். டீசல் எஞ்சினுக்கு அத்தகைய அடைப்பு வேலைக்கு வருவதில்லையாதலால், அதற்கு இயல்பாயுள்ள பிடிப்பு குறைவு. இக்குறையை நீக்கவே எக்ஸாஸ்ட் பிரேக் அமைக்கப்படுகிறது.

புகைக்குழாயில், டர்போவைக் கடந்தவுடன், வட்டத்தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். சுவிட்சைப் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், காற்றுச் சிலிண்டர் அத்தகட்டைத் திருப்பிக் குழாயை ஏறக்குறைய மூடிவிடும். டீசலும் நின்றுவிடும். சிலிண்டர்களிலிருந்து வெளியேறவேண்டிய காற்று குழாயில் அடைபட்டு அழுத்தம் ஏற, ஒவ்வொரு பிஸ்டனும் அவ்வழுத்தத்தை எதிர்த்தே மேலேறவேண்டியதாகிறது. இவ்வுழைப்புக்கு வேண்டிய சக்தியைச் சக்கரங்கள் கொடுப்பதால் வண்டியின் வேகம் அடங்குகிறது. உஷ்ணமும் டிரம்களில் தங்காமல், புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுகிறது. லைனர்கள் குளிர்ந்தபடியே இருந்து, திடீரென்று நிறுத்தவேண்டிய சமயத்துக்கு உதவுகின்றன. இதுவே இச்சாதனத்தின் முக்கிய நன்மை.

தாங்கும் சாதனங்களின் வகைகள்

முதல் வகை, மேற்கூறிய எக்ஸாஸ்ட் பிரேக். இது எளிய அமைப்பு. விலையும் பழுதும் குறைவு. ஏறக்குறைய எஞ்சினின் குதிரைச் சக்தியில் பாதியளவு, அதுவும் எஞ்சின் வேகமாய்ச் சுற்றும்பொழுது மட்டுமே, இதனால் தாங்கமுடியும்.

இரண்டாம் வகை, அழுத்தத்தை விடுவிக்கும் எஞ்சின் பிரேக். பிஸ்டன் காற்றை முழுவதும் அழுத்தி முடிக்கும் தருணத்தில் வால்வு சற்றுத் திறந்து அக்காற்றை வெளியே விட்டுவிடும். அழுத்துவதற்குச் செலவான சக்தி திரும்பக் கிடைப்பதில்லையாதலால் பிடிப்பு மிகவும் அதிகம். இதன் வரலாறு சொல்லத்தக்கது. அமெரிக்க எஞ்சின் நிபுணரான கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931-இல் டீசல் லாரியொன்றில் நாட்டைக் குறுக்கே கடந்து செல்லுகையில், கலிபோர்னியாவின் கேஜன் கணவாயில் பிரேக் பிடிக்காமற்போய், அடிவாரத்தில் ரயில் பாதையைக் கடந்துகொண்டிருந்த ரயிலின்மேல் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அவ்வநுபவத்தை மறவாமல் அவர் பிற்காலத்தில் அமைத்த எஞ்சின் பிரேக், 1961 முதல் ஜேக்கப்ஸ் கம்பெனியாரால் விற்பனைக்கு வந்தது.

மூன்றாம் வகை ரிடார்டர். இது கியர்ப்பெட்டியிலோ, பின் அச்சுக்குச் செல்லும் தண்டிலோ பொருத்தப்படுவது. மின்காந்தத்தாலோ, எண்ணெயின் சுழற்சியாலோ தண்டைத் தடுத்து நிறுத்தும். விலையும் எடையும் அதிகம்; ஆனால் இடைவிடாது மலைப்பாதையில் ஓடும் பஸ்களுக்கும் மிகப் பெரிய டிரெய்லர்களுக்கும் ஏற்றது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலாவதாக, வண்டியின் முழு எடையையும் செல்லவேண்டிய பாதையையும் நிச்சயித்துக்கொள்ளவேண்டும். 2018-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் அச்சுகளுக்குரிய எடை வரம்பை உயர்த்தியதால், இரண்டு அச்சு லாரியின் வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், பெரிய டிரெய்லர்களின் வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னாகவும் ஏறிற்று. ஏற்றும் பாரம் கூடியதுபோல் இறக்கத்தில் தாங்கவேண்டிய பாரமும் கூடியது என்பதை மறத்தலாகாது.

இருபதுக்கு ஒன்று சரிவில் வண்டியை ஒரே வேகத்தில் தாங்கி இறக்கத் தேவையான குதிரைச் சக்தி, தோராயமாகப் பின்வருமாறு:

18.5 டன் லாரி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்: 60
28 டன் லாரி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்: 90
28 டன் லாரி, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில்: 170
55 டன் டிரெய்லர், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்: 175

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். 230 குதிரைச் சக்தியுள்ள எஞ்சினைக் கொண்ட 28 டன் லாரிக்கு, எக்ஸாஸ்ட் பிரேக் ஏறக்குறைய 110 குதிரைச் சக்தி வரையில் தாங்குமென்று கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு அது போதும். 40 கிலோமீட்டருக்குப் போதாது. மெதுவாக இறங்குபவனுக்கே அது துணை. மேலும், 55 டன் டிரெய்லர் இழுப்பவர் எக்ஸாஸ்ட் பிரேக் மட்டுமுள்ள வண்டியோடு திருப்தியடையலாகாது. அவர் இரண்டாம் வகையையோ மூன்றாம் வகையையோ நாடவேண்டும். சமதரையிலேயே ஓடும் 18.5 டன் வண்டிக்கு எளிய எக்ஸாஸ்ட் பிரேக்கே போதுமானது.

இரண்டாவதாக, விற்பவர் கூறும் தாங்குசக்தி எத்தனை சுற்று வேகத்துக்குரியது என்று கேட்கவேண்டும். நிமிஷத்துக்கு 2,400 சுற்றில் கிடைக்கும் பிடிப்பு 1,400 சுற்றில் கிடைப்பதில்லை. தகட்டில் மாறாத துவாரமுடைய அமைப்பில், எஞ்சின் மிக வேகமாய்ச் சுற்றும்பொழுது அழுத்தம் எல்லை மீறாதபடி துவாரம் பெரிதாக வைக்கப்படுகிறது. ஆகையால் குறைந்த சுற்றில் காற்று எளிதில் தப்பிவிட, பிடிப்பு தளர்கிறது. ஸ்பிரிங்கினால் திறந்து மூடும் வழியுடைய அமைப்பில் குறைந்த சுற்றிலும் அழுத்தம் நிலைத்திருக்கும். வளைவுகள் மிகுந்த மலைப்பாதைக்குப் பின்னதே சிறந்தது.

மூன்றாவதாக, எஞ்சினைச் செய்தவர் எவ்வளவு எதிரழுத்தத்தை அநுமதிக்கிறார் என்பதை அறியவேண்டும். அழுத்தம் அளவு மீறினால், வால்வு ஸ்பிரிங்கின் பலத்தை வென்று புகை வால்வைத் திறந்துவிடும். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டால் எஞ்சினே பாழாகும். அதிகப் பிடிப்பு வேண்டுமென்று ஆசைப்பட்டு, தகட்டின் துவாரத்தை வெல்டு வைத்து அடைப்பது பெருங்கேடு.

நான்காவதாக, கிளட்சையோ ஆக்ஸிலேட்டரையோ மிதித்தவுடன் எக்ஸாஸ்ட் பிரேக் தானே விடுபடுகிறதா என்றும், ஏ.பி.எஸ். வேலை செய்யும்பொழுது அது விலகிக்கொள்கிறதா என்றும் சோதிக்கவேண்டும். எஞ்சின் பிடிப்பு இழுக்கும் சக்கரங்களில் மட்டுமே விழும். மழையில் நனைந்த சாலையில், பாரமில்லாத வண்டியின் பின்சக்கரங்கள் அப்பிடிப்பினால் வழுக்கிவிடக்கூடும். டிரெய்லராயின் பின்னாலுள்ள பாரம் முன்வண்டியைத் தள்ளி, இரண்டும் பேனாக்கத்தி போல் மடங்கிக்கொள்ளும். ஆகவே டிரெய்லரின் பிரேக்குகள் நல்ல நிலையிலிராவிடில், முன்வண்டிக்கு எவ்வளவு சிறந்த எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தும் பயனில்லை.

ஐந்தாவதாக, வாங்குமுன் ஓட்டிப்பார்த்தல் வேண்டும். வெற்று வண்டியைச் சமதரையில் ஓட்டிப்பார்ப்பது பரீட்சையாகாது. முழுப் பாரத்துடன், தெரிந்த சரிவொன்றில், கால் பிரேக்கைத் தொடாமல் வண்டி ஒரே வேகத்தில் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அவ்வாறு இறங்குமாயின் அந்தக் கியரும் அந்தச் சாதனமும் அந்தப் பாரத்துக்குப் போதும். வேகம் சிறிது சிறிதாக ஏறுமாயின் போதாது.

சட்டம் கூறுவது

எக்ஸாஸ்ட் பிரேக்கை வண்டி வாங்கும்பொழுதே தொழிற்சாலையிலிருந்து பெறுவது உத்தமம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. பின்னர் பொருத்துவதாயின், வண்டியைச் செய்தவரின் ஒப்புதலுள்ள பாகங்களையே, அவர்களுடைய ஒர்க்ஷாப்பிலேயே பொருத்தவேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் ஆறு வண்டிகளின் புகைக்குழாயில் கரியை வடிக்கும் பாகமும் புகையைச் சுத்தி செய்யும் பாகங்களும் இருப்பதால், அக்குழாயை அறுத்து வேறொன்றை நுழைப்பது எவ்விதத்திலும் தகாது.

பாரத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. வரம்புக்குமேல் பாரம் ஏற்றினால் 2019 செப்டம்பர் முதல் ரூ. 20,000 அபராதமும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000-மும் விதிக்கப்படும். அபராதத்தைக் கட்டித் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. சரிவில் மிகுதிப் பாரம் கேட்கும் விலை ரூபாயில் அடங்குவதன்று.

சரிவில் கையாளும் முறை

1. சரிவு தொடங்குமுன்பே வண்டியை மெதுவாக்கி, தாழ்ந்த கியருக்கு மாற்றிவிடவேண்டும். சரிவின் நடுவில் கியர் மாற்ற முயன்று, அது விழாமற்போனால், வண்டி நியூட்ரலில் ஓடத் தொடங்கும்.

2. ஏறுவதற்கு வேண்டிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழைய விதி. இக்காலத்து எஞ்சின்கள் அதிகப் பலமுள்ளவையாதலால், அதற்கும் ஒரு கியர் தாழ்த்திக்கொள்வது நலம்.

3. வேகம் ஏறினால், கால் பிரேக்கை நன்றாக ஒருமுறை அழுத்தி, மணிக்கு 10 கிலோமீட்டர் அளவு குறைந்ததும் விட்டுவிடவேண்டும். இலேசாக இடைவிடாமல் அழுத்திக்கொண்டிருப்பது லைனர்களைக் காயவைக்கும்.

4. எஞ்சினின் சுற்று, மீட்டரிலுள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டலாகாது.

5. எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியை நிறுத்திவைக்கும் சாதனமன்று. நிறுத்துவதற்குக் கால் பிரேக்கும், நின்றபின் பார்க்கிங் பிரேக்கும் உண்டு.

டீசல் மிச்சமாகும் என்றெண்ணி நியூட்ரலில் இறங்கும் வழக்கம் சிலரிடம் இருந்துவருகிறது. இவ்வெண்ணம் தவறானது. கியரில் இறங்கும்பொழுது ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சினுக்கு டீசல் செல்வதே இல்லை. சக்கரங்களே அதைச் சுற்றவைக்கின்றன. நியூட்ரலில் இறங்கினாலோ எஞ்சின் அணையாதிருக்கச் சிறிதளவு டீசல் எரிந்துகொண்டேயிருக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டால், காற்றை நிரப்பும் கம்பிரஸர் நின்று ஏர் பிரேக்குக்குரிய காற்று தீர்ந்துபோகும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஆகவே நியூட்ரலில் இறங்குவதால் லாபம் சிறிதும் இல்லை, நஷ்டமோ அளவற்றது.

பராமரிப்பு

தகட்டின் தண்டில் கரி படிந்து இறுகிவிடுவதே இச்சாதனத்துக்கு வரும் முக்கிய நோய். மலைப்பாதைக்குச் செல்லாவிடினும் நாள்தோறும் சில முறை உபயோகித்துவந்தால் கரி தங்காது. வண்டி நிற்கையில் சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் வசதியுள்ளவற்றில் எஞ்சினின் ஒலி மாறுவதைக் கேட்டும், தகட்டைத் திருப்பும் சிலிண்டரின் தண்டு முழுத்தூரமும் நகருகிறதா என்று நோக்கியும் அறியலாம். காற்றுக்குழாய்களில் கசிவையும், புகைக்குழாய் இணைப்புகளில் கரிக்கோடு தெரிகிறதா என்பதையும் வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறதென்று லைனர், டிரம், ஸ்லாக் அட்ஜஸ்டர் ஆகியவற்றைக் கவனியாதிருத்தல் கூடாது. லைனர் மாற்றிய தேதியையும், அதுவரை ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிவந்தால், இச்சாதனத்துக்குச் செலவழித்த தொகை எவ்வளவு விரைவில் திரும்புகிறதென்பது ஒரு வருஷத்துக்குள் தெளிவாகும்.

டிராக்டர் வைத்திருப்போருக்கு

டிராக்டர்களில் எக்ஸாஸ்ட் பிரேக் இருப்பது அரிது. டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இல்லை. நெல் மூட்டையோ கரும்போ ஏற்றிய டிரெய்லர், ஏரிக்கரைச் சரிவிலும் பாலத்தின் இறக்கத்திலும் டிராக்டரைப் பின்னின்று தள்ளும். கியரே இதற்குத் தாங்குகோல். தாழ்ந்த கியரில், கிளட்சை மிதிக்காமல் இறங்கவேண்டும். வயலில் திரும்புவதற்காக இடமும் வலமும் தனித்தனியே அழுத்தப்படும் இரு பிரேக் பெடல்களையும் சாலைக்கு வருமுன் கொண்டியிட்டு ஒன்றாகப் பிணைத்துவிடவேண்டும். பிணைக்காமல் ஒன்றை மட்டும் அழுத்தினால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். இதற்குப் பணச்செலவு ஏதுமில்லை. ஞாபகம் ஒன்றே வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் இவ்விஷயத்தில் உதவக்கூடியது மிகுதி. கல்குவாரிகளிலிருந்து கிராமச் சாலையில் இறங்கும் வழிகள், ஏரிக்கரையிலிருந்து இறங்கும் வழிகள், பள்ளிக்கூடத்தருகேயுள்ள இறக்கங்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, எச்சரிக்கைப் பலகைகள் நாட்டுமாறு நெடுஞ்சாலை இலாகாவுக்கு எழுதலாம். அறுவடைக் காலத்துக்குமுன் டிராக்டர் டிரெய்லர்களின் இணைப்பையும், பின்புறச் சிவப்பு ஒளிவில்லைகளையும் சரிபார்க்கும்படி உழவர் கூட்டங்களில் எடுத்துரைக்கலாம்.

முடிவுரை

லாரி வாங்குவதென்பது நல்ல உழவுமாடு வாங்குவதைப் போன்றதே. மேட்டில் இழுக்கும் மாட்டைச் சந்தையில் எவரும் கண்டுபிடித்துவிடுவர். பள்ளத்தில் தாங்கும் மாட்டை அறிந்து வாங்குபவரே அநுபவசாலி. எஞ்சினின் குதிரைச் சக்தியைக் கேட்டவுடன், இறக்கத்தில் அது எவ்வளவு தாங்கும், எத்தனை சுற்றில் தாங்கும் என்றும் கேட்டு, பாரத்துக்கும் பாதைக்கும் பொருத்தமான சாதனத்தைத் தேர்ந்து, அதைக் கையாளும் முறையை ஓட்டுபவருக்கும் கிளீனருக்கும் உடனிருந்து கற்பித்துவிடுவது உடைமையாளரின் கடமையாகும். அவ்வாறு செய்வோருடைய வண்டிகள் போன வழியே பத்திரமாகத் திரும்பிவருமென்பது திண்ணம்.